பதினேழாம் நம்பர் பெல்ட்

கன்டெய்னர் தளத்தின் வாசலில் ஒரு பலகை. 'விபத்தில்லாத நாட்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, அதற்குக் கீழே நாலு ஆணியில் நாலு தகடு தொங்கியது. பிஷாய் காரை நிறுத்தியபோது காவலாளி ஸ்டூல் மேல் ஏறி, கடைசித் தகட்டில் இருந்த மூன்றைக் கழற்றிவிட்டு நாலை மாட்டிக்கொண்டிருந்தான்.

1004.

"மேடம், ரகப் விழுந்து செத்து இன்னியோட நாலு நாள்தானே?"

"ஆமா" என்றாள் தௌலத்.

"அப்ப பலகை ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. ஆளுதான் நின்னுட்டான்."

தௌலத் கைப்பையிலிருந்து ஒரு வறுத்த தர்பூசணி விதையை எடுத்துப் பல்லிடுக்கில் வைத்து 'டிக்' என்று உடைத்தாள். காப்பீட்டுக் கம்பெனிக்காக இருபத்தாறு வருஷமாகத் துப்பறிகிறவள். அவளிடம் பதினோரு வருஷமாகக் காரோட்டியும் எடுபிடியும் வாயாடியுமாக இருக்கும் பிஷாய்க்கு அந்த 'டிக்'கின் அர்த்தம் தெரியும். வாயை மூடு, கண்ணைத் திற.

கண்ணைத் திறந்தால் பயமாக இருந்தது. போர்ட் சயீத் துறைமுகம் முழுக்க அன்று கம்சின் என்கிற பாலைவன மணற்காற்று. வானம் பழைய பித்தளைத் தட்டு மாதிரி மங்கிக் கிடந்தது. தளத்துக்குள் ஐந்தடுக்கு, ஐந்தடுக்காகக் கன்டெய்னர்கள். ஸ்டூல் மேல் ஏறினாலே பிஷாய்க்குத் தலை சுற்றும். இது நாற்பதடி. அந்த நாற்பதடி உச்சியில் எதுவோ சீராக அடித்துக்கொண்டிருந்தது. டப்... டப்... யாரோ மேலேயிருந்து கதவு தட்டுவதுபோல.

கன்டெய்னர்களை ஒன்றோடொன்று பிணைக்கும் மூலைப் பூட்டுகளை மாட்டுவதும் கழற்றுவதும் ரகபின் வேலை. ஞாயிற்றுக்கிழமை முற்பகல் உச்சியிலிருந்து விழுந்தான். பாதுகாப்பு பெல்ட் போட்டிருந்தான், ஆனால் கொக்கியை எதிலும் மாட்டவில்லை, ஆகவே தப்பு அவனுடையது என்பது துறைமுகக் கம்பெனியின் கட்சி. தௌலத்தும் சாயங்காலத்துக்குள் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டால், அவன் மனைவி விதாத்துக்குக் பிணத்தைச் சுற்றும் கபன் துணிக் காசோடு சரி. வெள்ளிக்கிழமை மூன்று பிள்ளைகளோடு கம்பெனி வீட்டைக் காலி செய்யவேண்டும்.

நிர்வாக இயக்குநர் ஷவ்கத்தின் அறை தரைத்தளத்தில் இருந்தது; 'துரை' என்பதுபோல எல்லாரும் அவரை மரியாதையாக 'பே' என்றார்கள். உயரத்தில் வேலை செய்கிறவர்களின் பாதுகாப்புக்கு அவர் வாங்கிய கேடயங்கள் மட்டும் அலமாரியின் உச்சித் தட்டில் இருந்தன. மேஜை மேல் தங்கக் கோடு போட்ட வெள்ளை ஹெல்மெட். சுவரில் ஆளுயரப் புகைப்படம்: பெல்ட் அணிந்த பே, கையில் கத்தி, எதிரே கேக். படம் நெற்றியோடு வெட்டப்பட்டிருந்தது. நெஞ்சிலிருந்த மஞ்சள் வில்லையைக் கத்தி பிடித்த கை மறைத்தது. ஓரத்தில் ஒரு 7 மட்டும் தெரிந்தது.

"தலையை வெட்டிட்டு கேக்கை விட்டு வச்சிருக்காங்க" என்று பிஷாய் முணுமுணுத்தான்.

"ஆயிரமாவது நாள் விழா" என்றார் பே பூரிப்போடு. "அன்னிக்குப் பார்த்து இவன் இப்படிப் பண்ணிட்டான். ஆனா அது விபத்தே இல்ல மேடம். தொழிலாளியோட அலட்சியம். அதுக்கு எங்க பலகையில இடமில்ல."

"நியாயம்தான். அன்னிக்குக் காத்து எப்படி?"

"காத்தா? இலை அசையல."

"அந்த வரிசையில அன்னிக்கு ஏத்துறது இறக்குறது எதுவும் இல்லைன்னாங்களே. எதுக்கு ஏறினான்?"

"பூட்டு சரிபார்க்க." பதில் வந்தது பேயிடமிருந்து அல்ல. கதவோரம் நின்ற மேஸ்திரி இஸ்மத்திடமிருந்து. குறுக்கே ஓர் ஆள், நெடுக்கே அரை ஆள். கையில் தடித்த பதிவேடும், ஒரு பெல்ட்டும். "பாருங்க. பெல்ட் நம்பர் பதினேழு. காலை ஆறு மணிக்கு ரகப் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கான். நாப்பது பேருக்கு நாப்பது பெல்ட். இந்தத் துறைமுகத்துல வேற யாருகிட்ட இருக்கு?"

தௌலத் பெல்ட்டை மூக்குக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். வெளிப்பக்கம் புத்தம்புதுசு, முதுகைத் தொடும் உட்பக்கத்தில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு. பிறகு, பிஷாய் பதினோரு வருஷத்தில் பார்த்திராத ஒரு பணிவோடு பேயின் பக்கம் திரும்பினாள்.

"ஷவ்கத் பே, இந்த வெறும் பதிவேட்டை விட உங்க வாக்கு பெருசு. ஆறு மணியிலேர்ந்து விழற வரைக்கும் இந்த பெல்ட் அவன் உடம்பை விட்டு நீங்கலைன்னு உங்க கையாலயே ரெண்டு வரி எழுதிக் கொடுத்தீங்கன்னா என் வேலை சுலபமா முடிஞ்சிடும்."

பே பச்சை மைப் பேனாவைத் திறந்தார். இரண்டு வரி கேட்டால் ஒன்பது வரி. அதில் 'எமது தளராத கண்காணிப்பின்கீழ்' என்று மூன்று இடத்தில் வந்தது. கையெழுத்து மட்டும் கால் பக்கம். தௌலத் பெல்ட்டைத் துணிப்பையில் போட்டு வாயைக் கட்டி அரக்கு வைத்தாள்.

வெளியே வந்ததும் பிஷாய் பொரிந்தான். "என்ன மேடம், அந்த ஆளுக்கு வெண்ணெய் தடவறீங்க?"

"வழுக்கறதுக்கு வெண்ணெய்தான் நல்லது. பிணவறைக்கு விடு."

பிணவறைப் பொறுப்பாளன் அவரை மசித்து வைத்த ஃபூல் சாண்ட்விச்சைக் கடித்தபடியே ரகபின் நீலச் சட்டையை மேஜையில் விரித்தான். முதுகில் அகலமான எண்ணெய்க் கறை. விழுந்த இடத்துக் கசிவு. தோளிலிருந்து இடுப்பு வரை ஒரே வீச்சாகப் படர்ந்திருந்தது.

"பிஷாய், பெல்ட் பட்டை முதுகுல எங்க வரும்?"

அவன் தன் முதுகிலேயே விரலால் கோடு போட்டான். "இங்க குறுக்கா... இங்க..." விரல் நின்றது. "மேடம்! பட்டை இருந்திருந்தா அந்த இடத்துல கறை இருக்கக் கூடாது. பட்டை மேலதான் இருக்கணும். பட்டையோட வெளிப்பக்கம் சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி இருக்கு."

"அதனால?"

"விழுந்த பிறகு மாட்டியிருக்காங்க. படுபாவிகள்! செத்தவனுக்கு!"

தௌலத் பொறுப்பாளனைப் பார்த்தாள். "உடம்பு எப்படி வந்துச்சு?"

"மரியாதையா வந்துச்சு மேடம். கண்ணை மூடி, தாடையைத் துணியால கட்டி. எனக்குப் பாதி வேலை மிச்சம்." ஒரு கட்டம்போட்ட பருத்தித் துணியை எடுத்துக் காட்டினான். வியர்வையும் துருவும் ஊறிய கழுத்துத் துணி.

'டிக்.'

 அடுத்தது, விழாவைப் படமெடுத்த புகைப்படக்காரன் ஹசனைனின் கடை.

ஹசனைன் முதலில் மறுத்தான். நெற்றிக்குக் கீழே உள்ளதைத்தான் கொடுக்கலாம், மேலே உள்ளதையெல்லாம் அழிக்கச் சொல்லி பேயின் கட்டளை. தௌலத் விதைப் பொட்டலத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். இரண்டாவது விதையில் அவன் உடைந்தான்.

"அழிக்க மனசு வரல மேடம். வாழ்க்கையில ஒரு தடவைதான் இப்படி அமையும்."

திரையில் படம் விரிந்தது. பிஷாய் வாயைப் பொத்திக்கொண்டான். இடது காதுக்கு மேலிருந்து வழுக்கையைத் தாண்டி வலது காதுவரை பசை போட்டு ஒட்டியிருந்த ஷவ்கத் பேயின் முடி, மொத்தமாகக் கிளம்பி, கம்பத்தில் கொடி மாதிரி செங்குத்தாக நின்றது.

"இலை அசையலையாம்" என்றான் பிஷாய். "இலை அசையாதுதான். இலை என்ன பசை போட்டா ஒட்டியிருக்கு?"

"முடியை விடு. நெஞ்சைப் பார்."

சுவர்ப் படத்துக்கு ஒரு நொடி முன்பு எடுத்தது இது, கத்தி பிடித்த கை இன்னும் நெஞ்சுக்கு வரவில்லை. மஞ்சள் வில்லை முழுசாகத் தெரிந்தது. 17. படத்தின் மூலையில் நேரம்: பதினொன்று பத்து. ரகப் விழுந்தது பதினொன்றரைக்கு.

"மாட்டினாரு மகராசன்! ஆறு மணியிலேர்ந்து ரகப் போட்டிருந்த பெல்ட் பதினொரு மணிக்குத் தரையில கேக் வெட்டுது. மேடம், கம்பெனிக்காரனுங்கதான் மாட்டியிருக்கானுங்க. கேஸ் முடிஞ்சுது!"

"கள்ள சாட்சி ஜோடிக்க வந்தவன், பிஷாய், பிணத்தோட தாடையைக் கட்டுவானா?"

 தௌலத் பூதக்கண்ணாடியைத் திரையின் மேல் மூலைக்கு நகர்த்தி வெகுநேரம் பார்த்தாள். அவள் முகம் இறுகியது. அந்த மூலையும் வரும்படி பெரிதாக ஒரு பிரதி போடச் சொன்னாள். என்ன பார்த்தாள் என்று சொல்லவில்லை.

தளத்துக்குத் திரும்பியபோது காற்று வெறிபிடித்திருந்தது. ரகப் விழுந்த இடம் இரண்டு வரிசைக் கன்டெய்னர்களுக்கு நடுவே ஒரு சந்து. மணலைத் தூவி எண்ணெயை மூடியிருந்தார்கள். சந்துக்குள் காற்று புகுந்து சீட்டியடித்தது. மேலே, அதே டப்... டப்...

மணலுக்குப் பக்கத்தில் ஒருவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். தசூகி. ரகபோடு ஒன்பது வருஷம் ஜோடியாக உச்சியில் வேலை செய்தவன். கழுத்து வெறுமையாக இருந்தது.

தௌலத் கட்டம்போட்ட துணியை நீட்டினாள்.

அவன் வாங்கவில்லை. பார்த்தான். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது.

"நான்தான் மேடம். பேண்டு வாசிச்சுக்கிட்டிருந்தாங்க. விழுந்த சத்தமே யாருக்கும் கேக்கல. நான் வந்து பார்த்தப்ப முடிஞ்சுபோச்சு. கண்ணை மூடினேன். தாடையைக் கட்டினேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, பெல்ட் போடாம செத்தா குடும்பத்துக்கு ஒரு பியாஸ்தர் காசு வராதுன்னு நோட்டீஸ் ஒட்டியிருக்காங்களேன்னு. மேடையில பே கழட்டிப் போட்டது நாற்காலியில கிடந்துச்சு. கேக் தின்னுக்கிட்டிருந்தாங்க எல்லாரும். எடுத்துட்டு வந்து மாட்டி விட்டேன். விதாத்துக்கு நல்லது பண்றதா நெனச்சு..."

"குழியைத் தோண்டிட்டே" என்றான் பிஷாய். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஆமாண்ணே. போட்டிருந்தான், கொக்கி மாட்டலைன்னு திருப்பிட்டாங்க."

"உன் பெல்ட் எங்க?" என்றாள் தௌலத். "நாப்பது இருக்காமே."

"அந்த ஒண்ணுதான் மேடம் மொத்தமே. இன்ஸ்பெக்டர் வந்தா, வாசலுக்குக் கிட்ட யாரு நிக்கறானோ அவனுக்கு மாட்டுவாங்க. போனதும் கழட்டிருவாங்க."

"ஒண்ணுதானா? அப்ப எதுக்குப் பதினேழுன்னு நம்பர்?" பிஷாய் கேட்டான்.

"ஒண்ணுன்னு போட்டா ஒண்ணுதான் இருக்குன்னு தெரிஞ்சிரும்னாரு மேஸ்திரி இஸ்மத் ரயிஸ்."

தௌலத் குரலைத் தாழ்த்தினாள். "ரகப் எதுக்கு மேல ஏறினான், தசூகி? பூட்டுக்காக இல்ல. இல்லையா?"

தசூகி நிமிர்ந்து உச்சியைப் பார்த்தான். டப்... டப்... வாய் திறப்பதற்குள் சந்து முனையிலிருந்து விசில். இஸ்மத் நின்றுகொண்டிருந்தான்.

"வேலை நேரத்துல என்ன கதை? மேடம், இங்க நிக்காதீங்க. மேலேர்ந்து எதாவது விழும்."

"விழுந்தது போதாதா ரயிஸ்?" என்றான் பிஷாய்.

"அது மேல இருக்கறவனைப் பொறுத்தது." இஸ்மத் சிரித்தான். தசூகியின் தோளில் கை போட்டு, அன்பானவன்போல, இழுத்துக்கொண்டு போனான்.

பிஷாய் தௌலத்தின் பக்கம் திரும்பினான். "மேடம், உண்மையை எழுதினா தசூகி ஜெயிலுக்குப் போவான். எழுதலேன்னா விதாத் தெருவுக்கு வருவா. இப்ப என்ன பண்றது?"

"பொய் சொன்னது ரெண்டு பேர். ஒருத்தன் அழுதுக்கிட்டே சொன்னான். இன்னொருத்தர் பச்சை மையில சொன்னார்." தௌலத் நடக்க ஆரம்பித்தாள். "நமக்குப் பச்சை மை போதும்."

ஷவ்கத் பே காப்பி வரவழைத்திருந்தார். தௌலத் காப்பியைத் தள்ளிவிட்டுப் புகைப்படத்தை மேஜையில் வைத்தாள்.

பேயின் கை தானாகத் தலைக்குப் போனது. "இதை... இதை யார் கொடுத்தா? அழிக்கச் சொன்னேனே!"

"தலையை விடுங்க பே. நெஞ்சைப் பாருங்க. பதினேழு. மணி பதினொன்று பத்து."

பே பதினைந்து வருஷம் நாற்காலியில் இருந்தவர் ஆயிற்றே, சீக்கிரம் தேறிவிட்டார். "சரி. படத்துக்காக ரெண்டு நிமிஷம் அவன்கிட்ட வாங்கிப் போட்டேன். உடனே திருப்பிக் கொடுத்துட்டேன். இதுல என்ன?"

"அவன் உடம்பை விட்டு நீங்கவே இல்லைன்னு ஒன்பது வரி எழுதியிருக்கீங்க. தளராத கண்காணிப்பு வேற. போகட்டும். இப்ப உங்க முடிக்கு மேல பாருங்க."

பிஷாயும் குனிந்து பார்த்தான். 

செங்குத்தாக நின்ற முடிக்கு மேலே, பின்னணியில், கன்டெய்னர் அடுக்கின் உச்சியிலிருந்து தொங்கும் பேனர். 'ஆயிரம் நாள், ஒரு விபத்தும் இல்லை.' அதன் ஒரு மூலை அவிழ்ந்து காற்றில் எகிறிக்கொண்டிருந்தது. அந்த மூலையை நோக்கி, நாற்பதடி உயரத்தில், கன்டெய்னர் விளிம்பில் வயிற்றால் ஊர்ந்துகொண்டிருந்தான் ஒரு நீலச்சட்டைக்காரன். தோளிலும் இல்லை, இடுப்பிலும் இல்லை. பெல்ட் என்று ஒரு நூல்கூட இல்லை.

ரகப்.

"படத்துல பேனர் கோணலா விழும்னு ஆளை ஏத்தியிருக்கீங்க" என்றாள் தௌலத். "கொக்கியை மாட்டாத அலட்சியம் தொழிலாளியோடதுன்னு சொன்னீங்களே, பே? கொக்கி இதோ, உங்க இடுப்புல தொங்குது. கம்பெனிதான் பொறுப்புன்னு நான் எழுதியாச்சு. விதாத் வீட்டைக் காலி பண்ண வேண்டியதில்ல."

ஷவ்கத் பே படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிகவும் பணிவான குரலில் கேட்டார்:

"மேல கொஞ்சம் வெட்டிட முடியுமா? இந்த முடி..."

"முடியை வெட்டினா ரகபும் போயிடுவான். உங்க சுவர்ல அதைத்தானே பண்ணியிருக்கீங்க."

பேயின் கண்கள் ஜன்னலுக்குப் போயின. தூரத்து உச்சியில் அந்த பேனர் இன்னும் இருந்தது. நாலு நாளாக ஏற யாரும் துணியாததால் அவிழ்ந்த மூலை கன்டெய்னரை அறைந்துகொண்டே இருந்தது. டப்... டப்... அவர் கை வாக்கி-டாக்கியைப் பிடுங்கியது.

"இஸ்மத்! அந்த பேனரை இறக்கு. இப்பவே!"

"ஆள் கூண்டுலதான் நிக்கறான் பே" என்று கரகரத்தது பதில்.

ஜன்னலுக்கு வெளியே, கிரேனின் சங்கிலியில் தொங்கும் இரும்புக் கூண்டு. அதற்குள் நின்றுகொண்டிருந்தான் தசூகி. வெறும் கழுத்து, வெறும் இடுப்பு.

தௌலத் வாக்கி-டாக்கியைப் பறித்து, "நிறுத்து! கிரேனை நிறுத்து!" என்று கத்தினாள். பதிலுக்குக் கிரேன் உறுமியது. அடுத்த நொடி துணிப்பையின் அரக்கைப் பல்லால் கடித்து உடைத்தாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் உடைத்த முதல் முத்திரை. பெல்ட்டை பிஷாயின் மார்பில் எறிந்தாள்.

"மேடம், சாட்சிப் பொருள்!"

"சாட்சி படத்துல இருக்கு. ஓடு!"

பிஷாய் ஓடினான். கண்ணில் மணல். கூண்டு தரையை விட்டு முழங்கால் உயரம் எழும்பியிருந்தபோது கம்பியைப் பிடித்துத் தொற்றினான். இஸ்மத்தின் கை காலைப் பிடித்தது. ஷூ அவன் கையில் கழன்று போனது. பிஷாய் உள்ளே விழுந்தான். தரை இறங்கியது. அவன் வயிறு மட்டும் தரையோடு தங்கிவிட்டது.

"மார் கிர்கிஸ் புனிதரே! தசூகி, மாட்டு! இதை மாட்டு!"

"அண்ணே, நீங்க எதுக்கு..."

"கேள்வியைத் தரையில கேளு! மாட்டுடா!"

தசூகியின் விரல்கள் நாலு நாளைக்கு முன் இதே பட்டைகளை இன்னொரு உடம்பில் பூட்டியவை. ஒவ்வொரு வளையமும் அவற்றுக்குத் தெரிந்திருந்தது. தோள். நெஞ்சு. தொடை. கடைசியாகக் கொக்கி. கூண்டின் கூரையிலிருந்த வளையத்தில் 'டக்' என்று விழுந்தது.

உச்சியை நெருங்கும்போது காற்று ஓர் எருமை மாதிரி வந்து முட்டியது. கூண்டு சுழன்று கன்டெய்னர் விளிம்பில் மோதியது. கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது, முறுக்கிய கம்பிதான். கம்பி அறுந்தது. கதவு விரிந்தது. தசூகி நின்ற இடத்தில் தசூகி இல்லை.

பிஷாய் கூண்டின் தரையோடு கவிழ்ந்து, இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிக்கொண்டு, பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தான். கீழே நாற்பதடி. அடியில் மணல் தூவிய சந்து. அதற்கும் அவனுக்கும் நடுவே, வாரின் நுனியில், கை காலை உதறியபடி ஆடிக்கொண்டிருந்தான் தசூகி.

"அண்ணே!" என்றான் தசூகி, அந்தரத்திலிருந்து. "பிடிக்குதுண்ணே!"

நெஞ்சில் மஞ்சள் வில்லை மின்னியது. ஆயிரத்து நாலு நாளில் பதினேழாம் நம்பர் பெல்ட் தரையை விட்டு எழும்பியது அதுதான் முதல் தடவை.